இரண்டு வில்லைகளுக்கு நடுவில்

பழைய ஆய்வுக்கூடக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்ததும் அண்ணி முதலில் குருவிக்குத்தான் ஃபோன் போட்டாள்.

"இடிக்கட்டுமே," என்றாள் குருவி. "அந்தக் கூரை ஒருநாள் நம்ம தலையில விழும்னு நான் அப்பவே சொன்னேன். நீங்கதான் கேக்கல."

"அதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போங்கன்னு கூப்பிட்டிருக்காங்க. வர்றியா?"

"என்னைக்கு?" என்று மட்டும் கேட்டாள் குருவி.

அண்ணிக்கு அந்தப் பெயர் வந்த கதையை அந்த நிலையத்தில் தெரியாதவர்கள் கிடையாது. அவளும் குருவியும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒருத்தி வேதியியல், இன்னொருத்தி நுண்ணுயிரியல். ஒரே வயசு. முதல் நாளே 'வாடி, போடி' என்று ஆகிவிட்டது. குருவி என்றால் குருவிதான்: கொறிக்கிற அளவுக்குத்தான் சாப்பிடுவாள், வாய் மட்டும் ஓயாது. அவளுக்கு ஓர் அண்ணன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். தங்கைக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுவந்து கொடுக்கிற சாக்கில் அடிக்கடி ஆய்வுக்கூடப் பக்கம் தலைகாட்டினான். தங்கையோ கொறிப்பவள். டப்பாவில் இருந்த சாப்பாடு ரெண்டு பேருக்குத் தாராளமாகப் போதும். அது யாருக்காக என்று ஊரே புரிந்துகொண்ட பிறகுதான் குருவிக்குப் புரிந்தது.

கல்யாணம் ஆன மறுநாளிலிருந்து குருவி 'அண்ணி' என்று கூப்பிட ஆரம்பித்தாள். 'வாடி' போய் 'வாங்க' வந்தது. அது வீட்டோடு நிற்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, "அண்ணீ, சாம்பிள் வந்தாச்சா?" என்று அவள் கத்துவதைக் கேட்டுக் கேட்டு, கண்ணாடிக் குடுவை கழுவுகிறவர் அண்ணி என்றார், கணக்குப் பிரிவில் அண்ணி என்றார்கள், கடைசியில் தலைமுடியெல்லாம் நரைத்த இயக்குநரே கூட்டத்தில், "அண்ணி என்ன நினைக்கிறாங்க?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சொன்ன நாளில் குருவி கைத்தடியை ஊன்றிக்கொண்டு டாக்ஸியிலிருந்து இறங்கினாள். முட்டி தேய்ந்துவிட்டது. அண்ணி வாசலிலேயே காத்திருந்தாள். புதிதாகத் துறைத்தலைவியாக வந்திருந்த பெண் ரெண்டு பேரையும் கும்பிட்டுச் சாவியைக் கையில் கொடுத்தாள். "சாமானெல்லாம் புதுக் கட்டடத்துக்குப் போயாச்சு மேடம். உள்ள ஒண்ணுமில்ல. நீங்க நிதானமா பாருங்க," என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

உள்ளே ஒன்றுமில்லைதான். கல் மேடைகள் மட்டும் கிடந்தன. அடுத்தடுத்து இருந்த ரெண்டு அறைகளுக்கும் நடுச்சுவரில், கை எட்டும் உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாகத்தான் அண்ணி பிரித்தெடுத்ததைக் குருவி வாங்கிக்கொள்வாள். வேதியியல் அறை மேடையில், கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், கல்லுக்குள்ளேயே ஊறிப்போன ஒரு மஞ்சள் கறை. அண்ணி அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

"போகல பாருங்க," என்றாள் குருவி. "நம்ம மூஞ்சியெல்லாம் சுருங்கிப் போச்சு. இது மட்டும் அப்படியே இருக்கு."

அது அந்தக் கொடியின் வேரிலிருந்து வந்த மஞ்சள்.

மலைச்சரிவில் வேலிமேல் படர்கிற சாதாரணக் கொடி அது. ஆறாத புண்ணுக்கு அதன் வேரை அரைத்துப் பூசுவார்கள் என்று தாவரவியல்காரர் ஒருவர் மூட்டை கட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். அந்த நாளில் ஆஸ்பத்திரிகளில் ஒரு கிருமி ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தது. புண்ணில் சீழ் பிடிக்க வைக்கிற கிருமி. இருந்த மருந்துக்கெல்லாம் பெப்பே காட்டிவிட்டது. அண்ணி வேரை நிழலில் உலர்த்தி, இடித்து, சாராயத்தில் ஊறப்போட்டு வடிகட்டினாள். சாராயத்தை ஆவியாக்கிய பிறகு குடுவையில் பாகு மாதிரி பழுப்பும் மஞ்சளுமாக ஏதோ ஒட்டிக்கொண்டு நின்றது. அதில் ஒரு சொட்டைக் காகித வில்லையில் தோய்த்து, குருவி கிருமி வளர்த்த தட்டில் வைத்தாள். மறுநாள் வில்லையைச் சுற்றி, ஒரு கிருமிகூட முளைக்காமல், பெரிய வட்டம் தெளிந்திருந்தது.

ரெண்டு பேரும் அன்றைக்கு நிலையம் முழுக்க மிட்டாய் கொடுத்தார்கள். அவசரப்பட்டுவிட்டார்கள்.

பாகில் ஒரு பொருளா இருக்கிறது? நூற்றுக்கணக்கில் இருக்கும். அதில் எந்தப் பொருள் கிருமியைக் கொல்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நீளமான கண்ணாடிக் குழாயில் வெள்ளை மாவு மாதிரி சிலிக்காவை நிரப்பி, தலையில் பாகை ஊற்றி, மேலிருந்து கரைப்பானை விட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு பொருளும் தன் வேகத்தில் பட்டை பட்டையாக இறங்கும். அதற்கு 'காலம்' என்று பெயர். இங்கிலீஷ் வார்த்தைதான், ஆனால் வாயில் வரும்போது தமிழாகவே ஆகிவிட்டது. நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து சொட்டுச் சொட்டாக எண்ணிக்கொண்டிருக்கிற அண்ணியை யாராவது, "என்ன பண்றீங்க?" என்று கேட்டால், "காலம் ஓட்டறேன்," என்பாள். கேட்டவர்களுக்கும் அதே பதில்தான் பொருந்தும்.

இந்தக் காலத்தால் ஒருநாள் பெரிய ரகளை ஆனது. குருவியின் அண்ணன், அதாவது நம் கண்ணாடிக்காரர், கடையிலிருந்து ஃபோன் செய்திருக்கிறார். எடுத்தவர் வேலைக்குச் சேர்ந்து ரெண்டு நாள்கூட ஆகாத புது உதவியாளர்.

"அண்ணி இருக்காங்களா?"

"அண்ணியா? அவங்க காலம் இப்பத்தான் சார் முடிஞ்சுது."

"என்னது?"

"முடிஞ்சு போச்சு சார். பக்கத்துல குருவி மேடம்தான் இருந்தாங்க. எல்லாத்தையும் கழுவி எடுத்துட்டு இருக்காங்க."

கையில் பாதி தேய்த்த லென்ஸோடு, காலில் ஒரு செருப்போடு அவர் ஓடி வந்தார். அண்ணி வராந்தாவில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் அவர் சுவரோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை. "இனிமே அந்தச் சனியனுக்கு வேற பேர் வையுங்கடீ," என்று மட்டும் சொன்னார்.

இப்போது காலியான வராந்தாவில் நின்று அதைச் சொல்லி ரெண்டு பேரும் சிரித்தார்கள். அவர் நிஜமாகவே போய் ரெண்டு வருஷம் ஆகிவிட்டது.

"வா, உன் ரூமைப் பார்க்கலாம்," என்றாள் அண்ணி.

குருவியின் அறையில் இன்னும் அந்த வாடை இருந்தது. வெந்த கஞ்சியும் பினாயிலும் கலந்த மாதிரி. அந்த அறையில்தான் சண்டை ஆரம்பித்தது.

விஷயம் இதுதான். பாகு மொத்தமாக இருக்கும்போது கிருமியைக் கொன்றது. அண்ணி அதைப் பிரிக்கப் பிரிக்க, கொல்கிற சக்தி குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் பளபளவென்று ஊசி ஊசியாக மஞ்சள் படிகம் ஒன்று கிடைத்தது. பார்க்க அவ்வளவு அழகு. இதுதான், இதேதான் என்று அண்ணி ஜன்னல் வழியாக நீட்டினாள். மறுநாள் குருவி தட்டைக் காட்டினாள். வில்லையைச் சுற்றி வட்டமே இல்லை. கிருமி வில்லையின் விளிம்புவரை வந்து ஜம்மென்று குடியிருந்தது.

மறுபடி பிரித்தாள். மறுபடி அதே கதை. வருஷம் ஒன்று போய் இன்னொன்றும் பாதி போயிற்று.

கூட்டத்தில் இயக்குநர் காரணம் கேட்டார். குருவி எழுந்து, "மேடம் கொதிக்க வெச்சே மருந்தைக் கொன்னுடறாங்கன்னு நினைக்கிறேன் சார்," என்று சொல்லிவிட்டாள். அண்ணி இல்லை, மேடம்!

அண்ணியும் சும்மா இருக்கவில்லை. "என் பொருள்ல குறையில்ல சார். அவங்க வளர்க்கற கிருமியை முதல்ல யாராவது டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க."

கூட்டம் சிரித்தது. அவர்கள் ரெண்டு பேரும் சிரிக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

ஆய்வுக்கூடத்தில் பேச்சு நின்றால் ஆறு மணியோடு முடிந்துவிடும். இவர்கள் ஒரே வீட்டுக்கல்லவா திரும்ப வேண்டும்! குருவிக்கு அப்போது கல்யாணமாகவில்லை, அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். வீட்டில் உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. மத்தளம், கண்ணாடிக்காரர்.

"உங்க தங்கச்சியைச் சாப்பிட வரச் சொல்லுங்க."

"உன் வீட்டுக்காரிகிட்ட எனக்குப் பசிக்கலன்னு சொல்லிடு அண்ணா."

"அவ கூட்டத்துல அப்படிப் பேசலாமான்னு கேளுங்க."

"உண்மையைத்தானே பேசினேன்னு சொல்லு."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "எனக்கு உங்க வேர் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. ஆனா ஒண்ணு சொல்றேன். கண்ணு சரியா தெரியலன்னு கடைக்கு வர்றவங்க பாதிப்பேருக்குக் கண்ணுல கோளாறு இருக்காது. கண்ணாடியைத் துடைச்சிருக்க மாட்டாங்க." யாரைச் சொன்னார் என்று ரெண்டு பேருக்கும் புரியவில்லை. அவருக்கே புரிந்திருக்குமா என்பது சந்தேகம். பேசாமல் இருக்க வேறு வழி தெரியாமல் எதையாவது சொல்லிவைப்பது அவர் வழக்கம்.

ஜன்னல் வழியாக மட்டும் வேலை நடந்தது. அண்ணி சிறு புட்டிகளை ஜன்னல் கட்டையில் 'டக்'கென்று வைப்பாள். குருவி இந்தப் பக்கம் 'டக்'கென்று எடுப்பாள். அந்தச் சத்தத்திலேயே அன்றைய கோபம் எவ்வளவு என்று குடுவை கழுவுகிறவர் சொல்லிவிடுவார்.

அப்படி ஒரு மழை வாரத்தில் கிருமிநீக்கக் கொதிகலன் பழுதாகிவிட்டது. சுத்தமான தட்டுகள் கொஞ்சம்தான் மிச்சம். அந்த நேரம் பார்த்து அண்ணி ஜன்னலில் ஒரு வரிசைப் புட்டிகளை வைத்தாள். வழக்கமாகக் கழிவென்று ஒதுக்குகிறதும் அதில் இருந்தது. காலத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் அவசரமாக இறங்கி ஓடிவரும் நிறமில்லாத எண்ணெய்ப்பசை அது. ஒன்றையும் விடவில்லை, எல்லாவற்றையும் சோதித்தாயிற்று என்று கணக்குக் காட்டத்தான் அதையும் அனுப்பினாள்.

"தட்டே இல்லாதப்ப இத்தனையா?" என்று குருவி பல்லைக் கடித்தாள். ஒரு வில்லைக்கு ஒரு தட்டு என்பது அவள் முறை. அன்றைக்கு இருந்த எரிச்சலில் ஒரே தட்டில் வில்லைகளை நெருக்கி நெருக்கி வைத்தாள், திருவிழாக் கூட்டத்தில் பெஞ்சில் ஆட்களை உட்காரவைக்கிற மாதிரி. எப்படியும் ஒன்றும் வரப்போவதில்லை.

மறுநாள் காலை. அண்ணி காலத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கரைப்பான் மட்டம் இறங்கிக்கொண்டிருந்தது, நடுவில் எழுந்து போகக் கூடாது. பக்கத்து அறையிலிருந்து ஒரு கூச்சல்.

"அடியே! இங்க வாடீ!"

கல்யாணத்துக்குப் பிறகு குருவி வாயிலிருந்து வராத வார்த்தை அது. தீ கீ பிடித்துவிட்டதோ என்று அண்ணி எழுந்து ஓடினாள்.

குருவி ஜன்னல் வெளிச்சத்தில் தட்டைத் தூக்கிப் பிடித்திருந்தாள். தட்டு முழுக்கக் கிருமி பால் ஆடை மாதிரி படர்ந்திருந்தது. மஞ்சள் படிகம் வைத்த வில்லையைச் சுற்றி ஒன்றுமில்லை. எண்ணெய்ப்பசை வைத்த வில்லையைச் சுற்றியும் ஒன்றுமில்லை. ஆனால் அந்த ரெண்டு வில்லைகளுக்கும் நடுவில், ரெண்டும் ஊறிப் பரவி ஒன்றையொன்று தொட்ட இடத்தில் மட்டும், நீள்வட்டமாக ஒரு திட்டு. கண்ணாடி மாதிரி தெளிவு.

"என் கண்ணுதான் கெட்டுப்போச்சா? நீ பாரு," என்றாள் குருவி.

அண்ணி தட்டை வாங்கினாள். வெளிச்சத்தில் ஒரு பக்கம் சாய்த்தாள், மறு பக்கம் சாய்த்தாள். தட்டுக்குக் கீழே தன் விரலை வைத்துப் பார்த்தாள். அந்தத் திட்டின் வழியாக விரல் ரேகை தெரிந்தது.

"ரெண்டும் சேர்ந்தாத்தான்..." என்று ஆரம்பித்தாள்.

"நீ கொதிக்க வெச்சுக் கொல்லலடி," என்றாள் குருவி. "பிரிச்சு வெச்சுட்ட. அவ்வளவுதான்."

"உன் கிருமிக்கும் உடம்பு நல்லாத்தான் இருக்கு."

பக்கத்து அறையில் காலம் வறண்டு, நடுவில் வெடிப்பு விட்டு, ஒரு மாத வேலை பாழாய்ப் போயிற்று. அதை மத்தியானம்தான் பார்த்தார்கள். அண்ணி அதற்காக ஒரு 'ச்சு' கூடக் கொட்டவில்லை.

ஏன் அப்படி என்பது புரிய இன்னும் பல மாதங்கள் ஆயின. குருவி அதைக் கண்ணாடிக்காரருக்குச் சாப்பாட்டு மேஜையில் விளக்கினாள். "அண்ணா, கிருமி ஒரு படகுன்னு வெச்சுக்க. மஞ்சள், உள்ள புகுற தண்ணி. தண்ணி புகுந்தா படகு முழுகணும் இல்ல? ஆனா இந்தப் படகுக்காரன் கைல வாளி இருக்கு. புகுற தண்ணியையெல்லாம் இறைச்சு வெளிய ஊத்திடறான். அதனால மஞ்சள் தனியா போனா பிரயோஜனமில்ல. அந்த எண்ணெய்ப்பசை இருக்கே, அது யாரையும் கொல்லாது. நேரா போய் வாளியைப் புடுங்கிக்கும்."

"அப்ப வேர்ல ரெண்டையும் சேர்த்து வெச்சது யாரு?"

"கொடிதான். அதுக்கும் மண்ணுல கிருமித் தொல்லை உண்டே."

அவர் கையைக் கழுவாமலே வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார். "பலே கொடி," என்றார்.

அந்த நாட்கள்தான் தன் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள் என்று அண்ணி பிற்பாடு பலமுறை நினைத்ததுண்டு. காலையில் மூவரும் ஒரே பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போவார்கள். விரலெல்லாம் மஞ்சள், பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால், "என்னம்மா, சாயப்பட்டறையா?" என்று கேட்பார்கள். சாயங்காலம் கடையில் போய் உட்கார்ந்து, கண்ணாடிச் சட்டங்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, மருந்து வெளிவந்தால் எந்தச் சட்டம் போட்டுக்கொண்டு மேடையேறுவது என்று ரெண்டு பேரும் அடித்துக்கொள்வார்கள். குருவிக்குப் பழையபடி 'வாடி' வரவில்லை. மறுநாளே 'அண்ணி, வாங்க' ஆகிவிட்டது. கேட்டதற்கு, "அது அவசரத்துக்கு வந்தது. அடிக்கடி எடுத்தா தேஞ்சுடும்," என்றாள்.

மேடை ஏறுகிற நாள் வரவில்லை. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது காயம் ஆறியது, சிறுநீரகம் கெட்டது. அளவைக் குறைத்தால் சிறுநீரகம் பிழைத்தது, கிருமியும் பிழைத்தது. எப்படி மாற்றிப் பார்த்தும் நடுவில் ஒரு வழி கிடைக்கவில்லை. இயக்குநர் ரெண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, தானே டீ ஊற்றிக் கொடுத்தார். அவர் டீ ஊற்றியபோதே அண்ணிக்குத் தெரிந்துவிட்டது. "உள்ளுக்குச் சாப்பிடற மருந்தா இது ஆகாதும்மா," என்றார்.

குருவி அன்று வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அழுதாள். அண்ணி அழவில்லை. இனி நாளைக்குக் காலையில் எழுந்து என்ன செய்வது என்பது ஒன்றுதான் அவள் மனசில் ஓடிற்று.

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். மாட்டு வைத்தியர் ஒருவர்தான் அதை நீட்டிவிட்டார். அவர்கள் எழுதிய கட்டுரையை எங்கோ படித்துவிட்டு நேரே வந்து நின்றார். "மேலே பூசினா சிறுநீரகத்துக்கு என்ன ஆகப் போகுது? எங்க பண்ணைல பசுக்களுக்கு மடியில புண்ணு வந்தா இதே கிருமிதான். கொடுத்துப் பாருங்களேன்." கொடுத்துப் பார்த்தார்கள். ஆறிற்று. ரெண்டையும் சரியான அளவில் கலந்து களிம்பாக்க ஆள் வேண்டும் என்று கால்நடை நிலையத்தில் குருவியைக் கூப்பிட்டார்கள். வெகுதூரத்து ஊர். போனவள் அந்த வைத்தியரையே கல்யாணம் செய்துகொண்டு, அங்கேயே இருபது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு, ஓய்வுபெற்ற பிறகுதான் இந்த ஊருக்குத் திரும்பினாள்.

"பெரிய விஞ்ஞானிங்க," என்று கண்ணாடிக்காரர் சிரிப்பார். "உலகத்தைக் காப்பாத்தப் போறாங்கன்னு பார்த்தா, பால்காரனைக் காப்பாத்தியிருக்காங்க." சொல்லிவிட்டு, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாக அதையே சொல்வார்.

குருவி போன பிறகு அண்ணி அந்த அறையில் தனியாக எத்தனையோ செடிகளைப் பிரித்தாள். நல்ல வேலைதான், பாராட்டும் கிடைத்தது. ஆனால் ஜன்னலில் புட்டியை வைத்தால் அந்தப் பக்கம் எடுத்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள். மரியாதையாக, சத்தமில்லாமல் எடுத்தார்கள். அது அவளுக்குக் கடைசிவரை பழகவே இல்லை.

"என்ன யோசனை?" என்றாள் குருவி.

"ஒண்ணுமில்ல. உன்னை மாதிரி சண்டை போட அப்புறம் ஆள் கிடைக்கல."

"எனக்கு மட்டும் கிடைச்சுதா? எங்க வீட்டு மாட்டு டாக்டர் எதைச் சொன்னாலும் சரிம்மாம்பாரு. பசுவோட பழகிப் பழகி அப்படி ஆயிட்டாரு, பாவம். அவரும் போய்ச் சேர்ந்தாச்சு." கைத்தடியைத் தரையில் தட்டினாள். "பொண்ணு தினம் ஃபோன் பண்றா. வெளிநாட்டுக்கு வந்து அவ கூட இருக்கணுமாம். மாடி வீட்ல தனியா இருக்காதேங்கறா. அவ சொல்றதும் நியாயந்தான். படி ஏற முடியல அண்ணி. நேத்து நடுப்படியில உக்காந்துட்டேன்."

அவள் இதை அழுகையில்லாமல், மழை வரும்போல் இருக்கிறது என்கிற மாதிரி சொன்னாள். அண்ணி அவளைத் திரும்பிப் பார்த்தாள். மெலிந்த கழுத்து, நரைத்த முடி, ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிற அதே கண்கள்.

"என் வீடு தரைவீடுதானே?" என்றாள் அண்ணி.

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. ஒரு வாரம் வந்து இருந்துட்டுப் போ. அப்புறம் எந்த நாட்டுக்கு வேணாலும் போ."

"உங்க சமையலை ஒரு வாரம் சாப்பிடணுமா?"

"நீ எங்க சாப்பிட்ட? கொறிச்ச."

குருவி அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தினாள். சாவியைத் துறைத்தலைவியிடம் கொடுத்தபோது அந்தப் பெண், "புதுக் கட்டடத்தையும் காட்டட்டுமா மேடம்? இப்ப ஒரு மெஷின் வந்திருக்கு, ஒரு வேர்ல இருக்கிற அத்தனை பொருளையும் மத்தியானத்துக்குள்ள பிரிச்சுத் தந்துடும்," என்றாள்.

"மத்தியானத்துக்குள்ளயா?" என்று அண்ணி வாய்விட்டுக் கேட்டாள்.

"அப்ப சண்டை போட எங்கம்மா நேரம்?" என்றாள் குருவி.

அந்தப் பெண் புரியாமல் சிரித்தாள். இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லிவிட்டு இருவரும் டாக்ஸி பிடித்தார்கள். எந்த வழியாகப் போனால் நெரிசல் குறைவு என்பதில் ஆளுக்கொரு பேச்சு. டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, "முதல்ல நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க," என்று சொல்லும்படி ஆயிற்று.

குருவி ஒரு சின்னப் பையோடு அண்ணி வீட்டுக்கு வந்தாள். மறுவாரம் இன்னொரு பை வந்தது, பிறகு புத்தகங்கள் வந்தன, பிறகு அவளுடைய மாடி வீட்டுக்கு வாடகைக்கு ஆள் பார்த்தாயிற்று. மகள் ஃபோன் செய்தால், "ஒரு வாரம் இருந்துட்டு வரேன்னு அண்ணிகிட்ட வாக்குக் கொடுத்துட்டேன், அதை முடிச்சுட்டு வரேன்," என்கிறாள். அந்த ஒரு வாரம் இன்னும் முடிந்தபாடில்லை.